எண்ணெய் வைத்தவர்கள்

விசாரணையைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். மேசை ஓரங்களில் ரசம் காய்ந்த கறை, சுவரோரம் கவிழ்த்துப் போட்ட சாம்பார் வாளிகள், கூட்டித் தள்ளியும் போகாத வாழை இலை வாடை. மாவட்ட மகளிர் கபடி லீக்குக்கென்று கடலூரில் தனியாக அலுவலகம் எதுவும் கிடையாது. செயலாளர் கண்ணாயிரத்தின் மண்டபம்தான் அலுவலகம். அவருடைய பாத்திரக் கடையின் பெயர்தான் எங்கள் கடலூர் அணியின் பனியன் முதுகில் இருக்கிறது. எங்கள் அணி கொடுத்த புகாரை விசாரிக்கும் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். இது எங்கேயோ இடிக்கிறதே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாட்சி சொல்ல வந்தவள் கேட்கிற கேள்வியா அது.

எங்கள் கோச் தங்கராசு பைக்கில் வரும்போதே எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். "பவானி, வழுக்குச்சான்னு கேட்டா வழுக்குச்சின்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. புரியுதா?" புரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், ஓடிவிடுவேன் என்பதுபோல.

எதிர் வரிசையில் சிந்துஜா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சிதம்பரம் அணியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கீரப்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குட்டி யானை வண்டியில் பின்னால் நின்றபடியே வந்து இறங்கியிருந்தார்கள். ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் பீரோவில் மடித்து வைத்த மடிப்புக் கலையாத சேலையில். பஞ்சாயத்துக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். சிந்துஜாவின் அம்மா மட்டும் வரவில்லை. புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகாதவள் வீட்டைவிட்டு எங்கே வருவாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பைனல் சிதம்பரத்தில் நடந்தது. இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசி ரெய்டுக்கு சிந்துஜா வந்தாள். நான் இடது கார்னர். என் வேலை கணுக்காலைப் பிடிப்பது. என் கையில் சிக்கிய கணுக்கால் சுலபத்தில் கோட்டுக்குத் திரும்பிப் போனதில்லை. பீற்றிக்கொள்கிறாள் என்றால் என்றுவிட்டுப் போகட்டும், அது நிஜம். அவள் எங்கள் ஆள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பிய அதே நொடியில் விழுந்து பிடித்தேன். முழுப் பிடி. பெருவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட்டன. அப்புறம் அந்தக் கால் என் கைக்குள் இல்லை. அவள் கோட்டைத் தொட்டுவிட்டாள். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

பிடி தப்பினால் எந்தக் கார்னரும் செய்வதைத்தான் செய்தேன், உள்ளங்கையை டிரவுசரில் துடைத்தேன். அதைத் தங்கராசு பார்த்துவிட்டார். ஆடுகளத்துக்குள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை மூக்கில் வைத்து உறிஞ்சினார். "எண்ண! எண்ண!" என்று கத்திக்கொண்டு என்னைத் தரதரவென்று நடுவர் மேசைக்கு இழுத்துப் போனார். அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு முறை என் கையை மோந்து பார்த்தார்கள். சீயக்காய் வாசம் வந்தது, அதை நானும் மறுக்கவில்லை. அந்தப் பக்கம் சிந்துஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் கையை மோந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து மேலேயிருந்து சிரித்தாள்.

உடம்பில் எண்ணெய், களிம்பு எதுவும் இருக்கக் கூடாதென்பது விதி. இருந்தது நிரூபணமானால் கோப்பை எங்களுக்கு, அவளுக்கு இரண்டு வருஷத் தடை. எங்களுக்குக் கோப்பை வந்தால் கண்ணாயிரத்தின் கடை வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு கூடும், அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு அவள் பெயர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. இந்த வருஷம் தவறினால் வயது தாண்டிவிடும். இரண்டு தங்கைகள், அப்பா இல்லை. மாநில முகாமில் அவளும் நானும் ஒரே அறையில் பாயைப் போட்டுப் படுத்தவர்கள். காக்கி பேன்ட் தைக்கக் கொடுக்க வேண்டிய டெய்லரைக்கூட அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் கண்ணாயிரம். அவருக்கு வலப்பக்கம் சபாபதி சார், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், கொஞ்சம் நியாயமான மனுஷர் என்று பேர். இடப்பக்கம் ஒரு வக்கீல். அவர் எழுதுவதற்கும் வடை சாப்பிடுவதற்கும் வந்தவர், இரண்டையும் ஒரே கையால் செய்துகொண்டிருந்தார்.

முதலில் நடுவர் அறிவழகனைக் கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் சோதித்தீர்களா என்று கேட்டார்கள்.

"செக் பண்ணேன் சார். ஆனா லேடீஸ் பிளேயர்ங்க, தொட்டுப் பாக்க முடியாது. கைய நீட்டச் சொன்னேன், கால காட்டச் சொன்னேன். கண்ணாலதான் பாத்தது."

சிந்துஜா எழுந்துவிட்டாள். "சார், நான் ஒங்ககிட்ட சொன்னேன்ல சார். காலைல எங்கப்பாவுக்குக் கருமாதி, தலைல எண்ண வெச்சாங்க, மூணு வாட்டி சோப்பு போட்டு வந்துருக்கேன், எதுக்கும் பாத்துக்கங்கன்னு சொன்னேன்ல? போம்மா, போய் ஆடுன்னு சொன்னீங்களே சார்."

அறிவழகன் சுவரோரம் இருந்த வாளிகளைப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார். அடுத்த மாதப் போட்டிகளுக்கு யார் நடுவர் என்பதைக் கண்ணாயிரம்தான் போடுவார். அது அங்கிருந்த எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"பொம்பளப் புள்ளைங்க மேட்ச்சுக்கு ஒரு லேடி அபீசியல் போடறதில்லியா நாம?" என்று சபாபதி சார் கேட்டார்.

"அத அப்பறமா பேசிக்கலாம் சார்" என்றார் கண்ணாயிரம். அப்புறம் பேசவேயில்லை.

எனக்கு வாய் நமைத்தது. "சார், அவ ரெப்ரீகிட்ட என்னமோ பேசுனத நான் பாத்தேன்" என்றேன். தங்கராசு என் முழங்கையைக் கிள்ளினார்.

"என்னா பேசுனா?"

"காதுல வுழல சார். லைன்ல நின்னப்ப பேசுனா, அவரு தலைய ஆட்டுனாரு."

"காதுல வுழலல்ல? அப்ப ஒன்னக் கூப்புடும்போது வா."

அடுத்து சிந்துஜா தரப்பில் யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார்கள். தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் அவளுடைய சித்தப்பா தட்சிணாமூர்த்தி. ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்கு இவர்தான் கொள்ளி வைத்தவர். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முள் முள்ளாக எட்டிப் பார்த்திருந்தது. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, கோபம் இருந்தது. அண்ணன் மகளைத் திருடி என்று சொல்லிவிட்டார்களே என்ற கோபம்.

"சார், எங்க புள்ள எண்ண தேச்சிக்கினு வந்து ஆடுச்சின்னு போட்டுருக்கீங்க. அதுவா தேச்சிக்கல சார். நாங்க வெச்சது. கருமாதி அன்னிக்கி பங்காளிங்க எல்லாரும் சேந்து மொறப்படி வெச்சோம். அருகம்புல்ல தோச்சி, தலைல மூணு வாட்டி. நல்லெண்ண சார், செக்குல ஆட்டுனது. கலப்படமே கெடயாது."

எங்கள் பக்கத்திலும் அந்தச் சடங்கு உண்டு. சாவு விழுந்த வீட்டில் கருமாதி வரைக்கும் யார் தலையிலும் எண்ணெய் படாது. அன்றைக்குப் பங்காளிகள் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, தண்ணீர் ஊற்றினால்தான் தீட்டு கழிந்தது. அதைச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இவர்கள் நம்பி வந்திருக்கிறார்கள். ஒரு பெண் அழகுக்கும் பூசவில்லை, ஏமாற்றவும் பூசவில்லை, செத்துப்போன அப்பனுக்காகத் தலையைக் குனிந்தாள். இதைக் கேட்டால் எந்தப் பெரிய மனுஷனும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுவான். அவர்கள் கணக்கு அது. தண்டனைக்கு வேண்டியது எண்ணெய் இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"நானும் வெச்சேன் சார்" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர்.

"நானுந்தான்."

"நானும் என் ஊட்டுக்காரரும் வெச்சோம்." இது பெரியம்மா சின்னம்மாள். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "புள்ளைக்கித் தல சும்மா தெப்பமா ஊறிப்போச்சி சார். அப்பன் இல்லாத புள்ளைன்னு ஆளாளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சிட்டோம்."

"பெரிம்மா, வுடு" என்றாள் சிந்துஜா. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீ சும்மா இரு. உண்மைய சொல்ல என்னா பயம்?"

கண்ணாயிரம் அவர்களை வெகு மரியாதையாக நடத்தினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். யார் யார் எண்ணெய் வைத்தது, கையைத் தூக்குங்கள் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. அப்புறம் ரொம்ப இயல்பாகக் கேட்டார்: "ஆட்டம் இருக்கற அன்னிக்கே ஏன் வெச்சீங்க?"

"வெக்காம எப்படி சார் அனுப்பறது? தீட்டோட புள்ளைய நாலு பேரு மத்தியில ஆட அனுப்பலாமா? அய்யரு பத்து மணிக்கு மேலதான்னாரு. நாந்தான் கால்ல வுழாத கொறையா கேட்டு, வெடிகாலைலயே முடிக்க வெச்சேன். எண்ண வெச்சி முடிச்சிட்டா புள்ள ஆடப் போயிடும்ல? அதுக்காவத்தான் சார்."

கண்ணாயிரம் வக்கீல் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. ஆட்டத்தில் கலந்துகொள்வதற்காகவே எண்ணெய் வைக்கப்பட்டதாகக் குடும்பத்தார் ஒருமனதாகத் தெரிவிக்கிறார்கள்." பிறகு தட்சிணாமூர்த்தியைப் பார்த்து, "சரிதானுங்களே?" என்றார்.

"அதேதாங்க சார்" என்றார் சித்தப்பா. நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரே என்ற நன்றி அவர் குரலில் இருந்தது. எனக்கு அந்த மேசையைப் புரட்டிப் போடலாம் போலிருந்தது.

அதற்குமேல்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"வழுக்குச்சா?"

"வழுக்குச்சி சார். ஆனா..."

"எழுதிக்கங்க, வழுக்கியது."

"ஆனா வேர்வையிலயும் வழுக்கும் சார். மொத பாதில இதே கால நான் புடிச்சிக் கவுத்தேன். அப்ப வழுக்கல. தலைல வெச்ச எண்ண, மூணு வாட்டி சோப்பு போட்டது, கணுக்கால் வரைக்கும் வந்துச்சின்னு நான் எப்படி சார் சொல்றது? எனக்குத் தெரியாது."

"தெரியாததெல்லாம் கேக்கலம்மா."

"வேர்வையோட எண்ண எறங்கியிருக்கலாம்" என்று சபாபதி சார் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அதுவும் இருக்கலாம்தான். அந்தக் கேள்வியைப் போட்டு நானே பல நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என் கைக்கே தெரியாததை இவர்கள் வடையும் டீயுமாக உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சபாபதி சார்தான் அந்த யோசனையைச் சொன்னார். அவளுக்கு ஒரு வழி விடலாம் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. "தலைவரே, ஒண்ணு செய்யலாம். கால்ல எண்ணயப் போட்டு இந்தப் பொண்ணையே புடிக்கச் சொல்லுவோம். எண்ண இருந்தும் புடிச்சிட்டான்னா, அன்னிக்கித் தப்புனது எண்ணயாலன்னு சொல்ல முடியாது. புகார் நிக்காது. தப்பிச்சிட்டான்னா ஒங்க முடிவு."

கண்ணாயிரம் மோவாயைத் தடவிவிட்டுச் சரி என்றார். எண்ணெய் வழுக்கும் என்பதை நிரூபிக்க ஒரு கமிட்டி, அதற்கு ஒரு வக்கீல். சமையல்கட்டில் நல்லெண்ணெய் இல்லை, பாமாயில்தான் இருக்கிறதென்று சமையல்காரர் வந்து சொன்னார். "எல்லாம் எண்ணதான், கொண்டா" என்றார்கள். சிந்துஜாவின் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, வலது கணுக்காலில் ஒரு கரண்டி ஊற்றினார்கள். குதிகால் வழியாக வடிந்து தரையில் சொட்டியது. அவள் குனிந்து அதைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மண்டியிட்டேன். இதுவரை எத்தனையோ கால்களைத் தோற்கடிக்கப் பிடித்திருக்கிறேன். ஒரு காலைக் காப்பாற்றப் பிடித்தது அன்றைக்குத்தான். இரண்டு கையாலும் பிடித்து, விரல்களைப் பின்னிக்கொண்டு, முழங்கையை என் விலாவோடு இறுக்கிக்கொண்டேன். தங்கராசு பின்னாலிருந்து என்னவோ முணுமுணுத்தார். "இழும்மா" என்றார் சபாபதி சார்.

சிந்துஜா இழுத்தாள். கால் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். வரவில்லை. அவள் பாதி பலத்தில் இழுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் பிடித்திருக்கும் விதம் அவளுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வாய் திறக்காமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். சபாபதி சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாத்தீங்களா, புடிச்சிருச்சே" என்றார். ஒரு நொடி எல்லாம் சரியாகப் போய்விடும் போலத்தான் இருந்தது.

கண்ணாயிரம் சிரித்தார். "ஏம்மா சிந்துஜா, இவ்ளோதானா ஒன் பலம்? இத வெச்சிக்கிட்டா எங்க டீம பைனல்ல ஜெயிச்ச? எண்ண இருந்தே இந்தக் கார்னர்கிட்டேருந்து கால உருவ முடியல. எண்ண இல்லாம எப்படி உருவியிருப்ப? அன்னிக்கி ஆடுனது நீ இல்ல, ஒங்க நல்லெண்ணதான்."

எங்க டீம் என்று அவர் வாய்தவறிச் சொன்னதை வக்கீல் எழுதவில்லை.

என் கைக்குள் அவள் காலில் நரம்பு விறைத்தது. "வேணாண்டி" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் கீழே பார்த்தாள். அந்த முகத்தை நான் ஆடுகளத்தில் பார்த்திருக்கிறேன். எதிரில் ஏழு பேர் நின்றாலும் அவளுக்குக் கோடு மட்டும்தான் தெரியும் என்கிற முகம். அப்பா செத்ததை, நடுவருக்கு ஞாபகம் இல்லாமல் போனதை, தலையில் எண்ணெய் வைத்ததை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள், உனக்கு ஆடத் தெரியாது என்றதை மட்டும் பொறுக்கவில்லை. நானாக இருந்தாலும் பொறுத்திருக்க மாட்டேன்.

உடம்பைத் திருகி இழுத்தாள். நானும் விடவில்லை, நிஜமாகவே விடவில்லை. இடுப்பை ஒடித்து, இன்னொரு காலால் தரையை உதைத்து, முழு ஆளையும் முன்னால் வீசினாள். என் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நான் குப்புற விழுந்தேன். எண்ணெயா, அவளா, எனக்கு அப்போதும் தெரியவில்லை.

பழக்க தோஷம், அவள் நிற்காமல் ஓடினாள். மேசைகளுக்கு நடுவே ஓடி, சொந்தக்காரர்கள் நின்ற வாசல் வரைக்கும் போய்த்தான் நின்றாள். அவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். "அப்புடிப் போடு புள்ள!" என்று யாரோ கத்தினார். தட்சிணாமூர்த்தி இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றினார். "பாத்திங்களா சார் எங்க புள்ளைய! பாத்திங்களா!" ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். கமிட்டி மேசையில் வக்கீல் பேனாவை எடுத்தார். சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் ஒற்றைக் கால் தடம் மட்டும் எண்ணெயில் பளபளத்துக்கொண்டு வாசல் வரை போயிருந்தது. அதன் முடிவில் சின்னம்மாள் குனிந்து உட்கார்ந்து, சிந்துஜாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மடிப்புக் கலையாத சேலை முந்தானையால் கணுக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிந்துஜா ஒற்றைக் காலில், சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா துடைத்துக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.